தனுஷ்கோடி மணலில் கிடைக்கும் காசு யாருடையது?

1964 டிசம்பர் புயல் விழுங்கிய தனுஷ்கோடியில் காற்று மணலை இடம் மாற்றிக்கொண்டே இருக்கிறது. அந்த மணலில் பழைய செப்புக் காசு ஒன்று கிடைத்தாலும் போதும், காசைவிடக் கதை பெரிதாகிவிடும்.

முதல் கதை, ராமர் பட்டாபிஷேகக் காசு. '1616-ல் கிழக்கிந்தியக் கம்பெனி அடித்தது, அரிசியை இழுக்கும், கோடிக்கு விலை போகும்' என்பார்கள். கம்பெனிக்கு மதராஸில் இடம் கிடைத்ததே 1639-ல்தான். இதே காசு '1818, ஒன் அணா' என்றும் வரும். கம்பெனி 1835-ல் நாடு முழுவதற்கும் கொண்டுவந்த நாணயங்களில் செப்புக் காசு அரையணாவோடு நின்றுவிட்டது. இவையெல்லாம் பிற்காலத்தில் அடித்த வில்லைகள். அரிசி இழுப்பதன் ரகசியம் இரும்புத்தூளும் காந்தமும்தான். 'ரைஸ் புல்லிங்' என்ற பெயரில் எத்தனை குடும்பங்கள் சேமிப்பை இழந்திருக்கின்றன! அதற்காகக் கம்பெனி சாமி உருவமே பொறித்ததில்லை என்று மறுப்பதும் சரியல்ல. மதராஸில் அது அடித்த 'மூன்று சுவாமி' வராகனில் பெருமாளும் தேவியர் இருவரும் இருக்கிறார்கள்.

இரண்டாவது கதைக்குத்தான் நிதானம் வேண்டும். ஒரு பக்கம் நிற்கும் மனித உருவம். மறுபக்கம் படுத்த நந்தி, மேலே பிறை, கீழே தமிழில் 'சேது'. பார்த்தவுடன் ராமநாதபுரத்துச் 'சேதுபதி காசு' என்று சொல்லத் தோன்றும். பத்தொன்பதாம் நூற்றாண்டு நாணய ஆய்வாளர்கள் சிலரும் அப்படித்தான் நினைத்தார்கள். ஆனால் இது யாழ்ப்பாணத்தை ஆண்ட ஆரியச் சக்கரவர்த்திகளின் காசு. பெருமளவில் கிடைத்ததும் இலங்கையின் வடக்கில்தான். கோட்ரிங்டன் 1924-ல் வெளியிட்ட இலங்கை நாணய நூலிலும் இவை அவர்களுடைய காசுகளாகவே இடம்பெற்றுள்ளன. மதுரை நாயக்கரின் ஆதரவில் சேதுபதிகள் தலையெடுத்தது பதினேழாம் நூற்றாண்டின் தொடக்கத்தில். அவர்களும் காசு அடித்தார்கள், அவை வேறு. 1619-ல் போர்த்துக்கீசியரிடம் யாழ்ப்பாண அரசு வீழ்ந்தபோது, சேது காசுக்கு ஏற்கெனவே சில நூற்றாண்டு வயது.

யாழ்ப்பாண அரசருக்கு எதற்குச் சேது? அவர்களுடைய வேர் சேது இருக்கும் இந்த ராமநாதபுரக் கரையில். 'சேதுகாவலன்' என்பது அவர்களின் விருதுப்பெயர். கேகாலை மாவட்டத்துக் கொட்டகமவில் கிடைத்த அவர்களின் தமிழ்க் கல்வெட்டும் 'சேது' என்றே தொடங்குகிறது. பாக் நீரிணையின் இருகரைக்கும் உரிய உறவை ஒரு சிறு செப்புத் துண்டு சுமந்திருக்கிறது. கோடி ரூபாய்க் கதையைவிட இதுதான் எனக்குப் பெரிதாகப் படுகிறது.

'புளி போட்டுத் துலக்கினால் பளபளக்கும், விலை ஏறும்' என்பது இன்னொரு நம்பிக்கை. களிம்போடு எழுத்தும் போய்விடும். 'சேது' மழுங்கிய காசை அடையாளம் காண்பதே கடினம். விலையும் இறங்கும்.

'கண்டெடுத்தவருக்கே சொந்தம்' என்பதும் அப்படியே உண்மையல்ல. மண்ணில் புதைந்திருந்த பொருளின் மதிப்பு பத்து ரூபாயைத் தாண்டினால், 1878-ஆம் ஆண்டின் புதையல் சட்டப்படி ஆட்சியருக்கு எழுத்துமூலம் தெரிவிக்க வேண்டும். மறைத்தவர் தம் பங்கை இழப்பதோடு சிறைக்கும் போக நேரலாம். நூறாண்டு கடந்த காசைத் தனியார் வெளிநாட்டுக்கு அனுப்புவதை 1972-ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டம் தடுக்கிறது. கிடைத்த இடத்தையும் நாளையும் குறித்து, கழுவாமல் காகிதத்தில் மடித்து, ராமநாதபுரம் ஆட்சியர் அலுவலகத்தில் கொடுங்கள்.