யானைமலையும் கறுப்பு வெள்ளையும்



மதுரையிலிருந்து மேலூர் செல்லும் சாலையில், ஒத்தக்கடை அருகே படுத்திருக்கும் யானையைப் போல நீண்டு கிடக்கும் மலையை நீங்கள் அறிவீர்கள். சென்ற புரட்டாசியில் ஒரு காலைப் பொழுதில் அந்த யானைமலையைக் கைப்பேசியில் படம் பிடித்தேன். மேலே நீல வானம், நடுவே செம்பழுப்புப் பாறை, கீழே பச்சை வயல். வீட்டுக்கு வந்ததும் கணினியில் அதைக் கறுப்பு வெள்ளையாக மாற்றினேன். என்ன ஏமாற்றம்! மலையும் வானமும் ஒன்றோடொன்று கரைந்து, ஈரத் துணியால் அழித்த சிலேட்டைப் போல ஆகிவிட்டன. அதன் காரணத்தைத் தேடியபோது கற்றவற்றை உங்களோடு பகிர்ந்துகொள்கிறேன்.

ஏன் கரைந்தது?

கணினிப் படத்தின் ஒவ்வொரு புள்ளியிலும் சிவப்பு, பச்சை, நீலம் என்ற மூன்று ஒளிகளின் அளவு 0 முதல் 255 வரை குறிக்கப்பட்டிருக்கும். ஓர் எடுத்துக்காட்டுக் கணக்கைப் பாருங்கள். வானத்தின் ஒரு புள்ளி: சிவப்பு 90, பச்சை 140, நீலம் 210. பாறையின் ஒரு புள்ளி: சிவப்பு 170, பச்சை 140, நீலம் 110. மூன்றையும் கூட்டிச் சராசரி கண்டால் வானம் 147, பாறை 140. நிறத்தில் பகையாளிகளாக நின்ற இரண்டும் சாம்பலில் இரட்டைப் பிள்ளைகளாகிவிட்டன! ஆகவே, கறுப்பு வெள்ளை என்பது நிறத்தை நீக்குவது மட்டுமன்று. எந்த நிறம் எவ்வளவு வெளிச்சமாகத் தெரிய வேண்டும் என்று நாம் முடிவு செய்வதுமாகும்.

முன்னோர் கண்ட வழி

நம் மதுரையை 1858ஆம் ஆண்டிலேயே ஒருவர் படம் பிடித்திருக்கிறார். சென்னை அரசாங்கத்தின் புகைப்படக் கலைஞரான காப்டன் லின்னேயஸ் டிரைப் என்பவரே அவர். திருமலை நாயக்கர் மகாலையும், மீனாட்சியம்மன் கோயிலையும், யானைமலையையும் மெழுகு பூசிய காகித நெகட்டிவ்களில் பதிவு செய்தார். அக்காலத்து வெள்ளி உப்புகள் நீல ஒளியையே பெரிதும் உணரும், சிவப்பை உணரா. அதனால் நீல வானம் வெறும் வெள்ளையாகிவிடும். டிரைப் தம் நெகட்டிவ்கள் சிலவற்றில் வண்ணம் தீட்டி மேகங்களை உண்டாக்கினார்.

பின்னர் எல்லா நிறங்களையும் உணரும் தகடுகள் வந்தன. 1927இல் அமெரிக்காவின் யோசெமிட்டி பள்ளத்தாக்கில், ஆன்செல் ஆடம்ஸ் தம் காமிராவின் முன் சிவப்புக் கண்ணாடி வடிகட்டியைப் பொருத்தி ஹாஃப் டோம் என்னும் பாறையைப் படம் எடுத்தார். நீல ஒளி தடுக்கப்பட்டதால் வானம் கறுத்தது. பாறை கம்பீரமாக எழுந்து நின்றது.

நாம் செய்யும் முறை

அந்தக் கண்ணாடியின் வேலையை இன்று மென்பொருளே செய்கிறது. 'கிம்ப்' என்னும் மென்பொருள் இலவசமாகக் கிடைக்கிறது. முதலில் மூலப் படத்துக்கு ஒரு நகல் எடுத்துக்கொள்ளுங்கள். மூலத்தில் கை வைக்காதீர்கள். பிறகு 'கலர்ஸ்' பட்டியலில் 'டீசாச்சுரேட்' என்பதைத் திறந்து, அதனுள் 'மோனோ மிக்ஸர்' என்பதைத் தேர்ந்தெடுங்கள். அங்கே மூன்று நிறங்களுக்கும் தனித்தனி அளவுகள் இருக்கும். சிவப்புக்கு 0.8, பச்சைக்கு 0.4, நீலத்துக்கு −0.2 என்று கொடுங்கள். மூன்றின் கூட்டுத்தொகை 1 ஆக இருந்தால் படத்தின் பொது வெளிச்சம் அதிகம் மாறாது.

முன் சொன்ன கணக்கை மீண்டும் போடுங்கள். வானம் 86 ஆக இருளும். பாறை 170 ஆக ஒளிரும். வெண்மேகத்தில் மூன்று ஒளிகளும் ஏறக்குறைய 240 இருப்பதால் அது வெள்ளையாகவே நிற்கும். நீலத்தை மிகவும் குறைத்தால் வானத்தில் மணல் தூவியதுபோலப் புள்ளிகள் தோன்றும். அந்த இடத்தில் கையை நிறுத்துங்கள்.

அப்பத்தா கேட்ட கேள்வி

இவ்வாறு செய்த படத்தை என் அப்பத்தாவிடம் பெருமையோடு காட்டினேன். திருமங்கலம் பக்கத்துக் கரிசலில் மானாவாரி நிலம் வைத்து மழையை எதிர்பார்த்திருந்தவர் அவர். படத்தை உற்றுப் பார்த்துவிட்டு, "ஏத்தா, ஒத்தக்கடைப் பக்கம் மழை எறங்கிருச்சா?" என்று ஆவலோடு கேட்டார். எனக்குச் சுருக்கென்றது. அன்று ஒரு தூறல்கூட இல்லை. யோசித்தால் வேடிக்கை புரியும். நீலம் மிகுந்த வானமே இம்முறையில் மிகவும் கறுக்கும். மழையற்ற தெளிந்த நாள்தான் படத்தில் மழை நாளாகத் தோன்றுகிறது! "இல்லை அப்பத்தா, நான்தான் வானத்தைக் கறுப்பாக்கினேன்" என்றேன். "வானத்தைக் கறுப்பாக்கத் தெரிஞ்ச பிள்ளைக்கு அதை மழையாக்கத் தெரியலையே" என்று சிரித்தார். சிரிப்பு முகத்தில் நெடுநேரம் நிற்கவில்லை.

அன்றிலிருந்து ஒரு வழக்கம் வைத்துக்கொண்டேன். கறுப்பு வெள்ளைப் படத்தின் கீழே எடுத்த நாளையும், "வானம் கருமையாக்கப்பட்டது" என்ற ஒரு வரியையும் எழுதிவிடுகிறேன். அதனால் படத்தின் அழகு குறைந்துவிடவில்லை. பார்ப்பவர் ஏமாறுவதும் இல்லை.

தோழியரே! விடுமுறையில் உங்கள் ஊர்க் கண்மாயையோ, குன்றையோ படம் எடுத்து இம்முறையை முயன்று பாருங்கள். வண்ணப் படத்தையும் உடன் வைத்து வீட்டுப் பெரியவர்களிடம் காட்டுங்கள். அவர்கள் கேட்கும் கேள்வியையும் கவனியுங்கள்.