அமைதியான கடலில் கப்பல் அடையாளக் கருவியைச் சோதித்தல்

லட்சத்தீவுகளின் தென்கோடியிலுள்ள மினிக்காய்த் தீவில், பவழப் பாறைகள் சூழ்ந்த உட்கடலில் ஒரு படகு நங்கூரமிட்டிருப்பதாகக் கொள்க. அதிலுள்ள கப்பல் அடையாள ஏற்புக் கருவியின் திரையில் ஒரு கப்பலும் தென்படவில்லை. அருகில் கப்பலே இல்லாதிருக்கலாம். அல்லது கருவி பழுதுற்றிருக்கலாம். இரண்டு நிலைகளிலும் திரையின் தோற்றம் ஒன்றே. ஆகவே, வெறுமையான திரை எதற்கும் சான்றாகாது.

ஏ.ஐ.எஸ். எனப்படும் தன்னியக்க அடையாள முறையில், கப்பல்கள் தம் அடையாள எண், இருப்பிடம், வேகம், திசை ஆகியவற்றை 161.975, 162.025 மெகாஹெர்ட்ஸ் என்னும் இரு வானொலி அலைவரிசைகளில் மாறி மாறி அனுப்புகின்றன. செல்லும் பெரிய கப்பல் 2 முதல் 10 விநாடிக்கு ஒருமுறையும், நங்கூரமிட்ட கப்பல் 3 நிமிடத்துக்கு ஒருமுறையும் செய்தி அனுப்பும். சர்வதேசப் பயணம் செய்யும் 300 டன் கொள்ளளவும் அதற்கு மேலும் உள்ள கப்பல்களுக்கு இம்முறை 2004-ஆம் ஆண்டு இறுதிக்குள் கட்டாயமாக்கப்பட்டது.

இவ்வலைகள் ஏறத்தாழ நேர்கோட்டில் செல்வன; பூமியின் வளைவு அவற்றை மறைக்கிறது. இரு ஏரியல்களின் உயரங்களை மீட்டரில் கொண்டு, ஒவ்வொன்றின் வர்க்கமூலத்தையும் கண்டு கூட்டி, 4.12-ஆல் பெருக்கினால், எட்டும் தொலைவு கிலோமீட்டரில் கிடைக்கும். படகின் ஏரியல் 4 மீட்டர், கப்பலின் ஏரியல் 25 மீட்டர் எனில், 2-உம் 5-உம் சேர்ந்து 7. தொலைவு சுமார் 29 கிலோமீட்டர். மினிக்காய்க்கு வடக்கேயுள்ள ஒன்பது டிகிரிக் கால்வாய் சுமார் 200 கிலோமீட்டர் அகலமுடையது. அதன் நடுவில் எத்தனை கப்பல்கள் சென்றாலும் இப்படகின் திரையில் அவை தோன்றா.

இத்தகைய இடத்தில் சோதனையைப் பகுதி பகுதியாகச் செய்தல் வேண்டும்.

முதலாவது, திரை. தொலைவான கப்பல்களை மறைக்கும் அமைப்பு இயங்குகிறதா, கப்பல்களைக் காட்டும் பகுதியே நிறுத்தப்பட்டுள்ளதா எனக் காண்க.

இரண்டாவது, கருவிக்கும் திரைக்கும் இடையிலுள்ள கம்பி. ஏ.ஐ.எஸ். செய்தி பொதுவாக விநாடிக்கு 38,400 பிட் வேகத்தில் செல்லும். திரை 4,800-க்கு அமைக்கப்பட்டிருப்பின் ஒன்றும் தோன்றாது. செய்தி வரும்போது ஒளிரும் சிறு விளக்கு கருவியில் இருந்து, அது மின்னியும் திரை வெறுமையாயின், குறை ஏரியலில் அன்று. கம்பியிலோ திரையிலோ உள்ளது.

மூன்றாவது, ஏரியல். இணைப்புகளில் உப்புநீர் புகுந்து பச்சை படிந்துள்ளதா எனப் பார்க்க வேண்டும். பேச்சு வானொலியின் நல்ல ஏரியலைச் சற்று நேரம் ஏற்புக் கருவியில் மாற்றி இணைத்துப் பார்க்கலாம். ஆனால் பேச்சு வானொலியின் ஒலிபரப்பு முனையை ஏற்புக் கருவியுடன் நேரே இணைத்தல் ஆகாது, கருவி கெடும்.

நான்காவது, அறிந்த ஒரு செய்தி. கரையிலுள்ள ஏ.ஐ.எஸ். அடிநிலையம் வழக்கமாக 10 விநாடிக்கு ஒருமுறை செய்தி அனுப்பும். அத்தகைய நிலையம் எட்டும் தொலைவில் இருப்பின் கப்பலுக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. செய்தி அனுப்பும் கருவியுடைய வேறொரு படகின் துணையையும் நாடலாம். சோதனைக்காக ஆபத்து அறிவிப்புக் கருவியை இயக்குதல் கூடாது. அது வீண் தேடலுக்கு வழிவகுக்கும்.

துறைமுகத்திலேயே சோதித்துவிட்டால் போதாதா எனில், அதிலும் ஏமாற்றம் உண்டு. ஏரியல் அறுந்த கருவியும் பக்கத்துப் படகின் செய்தியை ஏற்கக்கூடும். எனவே, கப்பல்களின் எண்ணிக்கையை அன்று, மிகத் தொலைவிலுள்ள கப்பலின் தூரத்தைக் குறித்துக்கொள்ள வேண்டும். வழக்கமாக 25 கிலோமீட்டர் காட்டிய கருவி ஒருநாள் 3 கிலோமீட்டரோடு நின்றால், புறப்படுமுன் ஏரியலை ஆராய்தல் நலம்.

2021 ஏப்ரலில் மங்களூருக்கு அப்பால் சரக்குக் கப்பலுடன் மோதிய மீன்பிடி படகிலிருந்த 14 பேரில் இருவரே உயிருடன் மீட்கப்பட்டனர். கடலில் தவறுக்கு இடம் சிறிது. கருவி பழுதற்றதேயாயினும், செய்தி அனுப்பாத சிறு படகுகளை அது காட்டாது. கண்ணாலும் செவியாலும் இடைவிடாது கண்காணித்தல் சர்வதேசக் கடற்போக்குவரத்து விதிகள் ஒவ்வொரு கலத்துக்கும் விதித்துள்ள கடமையாகும்.