‘ஹேங் ஒன்’ பில்டரும் திரும்பி வரும் வாடிக்கையாளரும்

கண்டி நகரிலும் கட்டுகஸ்தோட்டை, அக்குறணை, கம்பளைப் பக்கங்களிலும் மீன் தொட்டி, மீன் உணவு விற்கும் சகோதரர்கள் இப்போது கணிசமாக இருக்கிறார்கள். ஹாட்வெயார் கடையின் ஒரு மூலையை இதற்கென ஒதுக்கியவர்களும் உண்டு. நானும் அப்படித் தொடங்கியவன்தான். இவர்களில் அநேகர் சொல்லும் குறை ஒன்றுதான்: “தொட்டி வாங்கினவர் இரண்டு தரம் மீன் வாங்க வாறார். மூன்றாம் தரம் ஆளைக் காணக் கிடைக்குதில்லை.”

அவர் வராததற்குப் பக்கத்துக் கடையின் விலை காரணமல்ல. வீட்டில் மீன் செத்துப்போயிருக்கும். பிள்ளை அழுதிருக்கும். தொட்டி இப்போது கொல்லைப்புறத்தில் கவிழ்ந்து கிடக்கும். ஒரு வாடிக்கையாளரை இப்படி இழந்தால் அவர் வாங்கியிருக்கக்கூடிய உணவு, செடி, பெரிய தொட்டி எல்லாம் சேர்ந்தே போகின்றன. தொட்டியின் பின் விளிம்பில் கொளுவி வைக்கும் பில்டரில் சில சிறிய மாற்றங்களைச் செய்து கொடுத்தால் இந்த இழப்பில் பெரும் பகுதியைத் தவிர்க்கலாம் என்பது என் அனுபவம். ‘ஹேங் ஒன்’ என்று கேட்டு வாங்குகிறார்களே, அந்தப் பில்டரைத்தான் சொல்கிறேன்.

முதலில் பில்டர் எதற்கு என்பதில் தெளிவு வேண்டும். தண்ணீரைக் கண்ணாடி போல் ஆக்குவதற்கு என்றுதான் நம்மில் பலர் சொல்லி விற்கிறார்கள். அது பாதி உண்மை. மீனின் கழிவும் எஞ்சிய உணவும் அமோனியாவாக மாறுகின்றன. ஒரு வகைப் பற்றீரியா அதை நைத்திரைற்றாக மாற்றும். இன்னொரு வகை நைத்திரைற்றை நைத்திரேற்றாக மாற்றும். முதல் இரண்டும் மீனுக்கு நஞ்சு. மூன்றாவது அவ்வளவு கெடுதியில்லை, வாரந்தோறும் கொஞ்சம் தண்ணீர் மாற்றினால் போதும். இந்தப் பற்றீரியாக்கள் தண்ணீரில் மிதந்து திரிவதில்லை; ஒட்சிசன் உள்ள தண்ணீர் ஓடிக்கொண்டிருக்கும் இடத்தில் எதையாவது பற்றிப் பிடித்துக்கொண்டு வாழ்பவை. ஆகவே பில்டர் என்பது அவற்றுக்கு நாம் கட்டிக் கொடுக்கும் வீடு.

புதிய தொட்டியில் இவை போதிய அளவு பெருக நாலு முதல் ஆறு வாரம் எடுக்கும். குளிரில் இன்னும் சுணங்கும். கண்டி கடல் மட்டத்திலிருந்து சுமார் 500 மீற்றர் உயரத்தில் இருப்பதால், கொழும்புக் கடைக்காரர் சொல்லும் கணக்கு இங்கே அப்படியே பொருந்தாது. நுவரெலியாவிலிருந்து வரும் வாடிக்கையாளருக்கு அது அறவே பொருந்தாது.

இப்போது பெட்டியைத் திறந்து பாருங்கள். மலிவான பில்டர்களுக்குள் இருப்பது ஒரு பிளாஸ்டிக் சட்டம், அதன் மேல் ஒட்டிய மெல்லிய பஞ்சு, உள்ளே ஒரு கைப்பிடி காபன். இதுதான் காட்ரிஜ். மாதம் ஒரு தரம் மாற்று என்று பெட்டியில் அச்சடித்திருக்கும். காபன் சில வாரங்களில் நிறைந்துவிடும் என்பது உண்மைதான். ஆனால் அந்தக் காட்ரிஜ்ஜை எறியும்போது, நாலு வாரம் பாடுபட்டுக் குடியேறிய பற்றீரியாவில் பெரும் பகுதியும் குப்பைக்குப் போகிறது. தொட்டி மறுபடி முதல் நாளுக்குத் திரும்புகிறது. “பில்டர் புதுசா மாத்தி மூணு நாளில மீன் செத்துப்போச்சு” என்று வருபவர் பொய் சொல்லவில்லை.

செய்ய வேண்டிய மாற்றம் இதுதான். காட்ரிஜ்ஜை எடுத்துவிட்டு, தண்ணீர் முதலில் வந்து மோதும் இடத்தில் பெரிய துளையுள்ள ஸ்பொஞ்ச், அதற்கடுத்து வலைப்பையில் கட்டிய செரமிக் ரிங், தண்ணீர் வெளியே விழும் பக்கத்தில் மெல்லியதாக வெள்ளைப் பஞ்சு. பஞ்சு அழுக்கானால் எறியலாம். ஸ்பொஞ்சும் ரிங்கும் வருடக்கணக்கில் இருக்கும். இது நம் கண்டுபிடிப்பொன்றும் அல்ல. கனடாவின் ஹேகன் கொம்பனி விற்கும் அக்வாகிளியர் பில்டரில் கூடை ஒன்றுக்குள் அடியில் ஸ்பொஞ்ச், நடுவில் காபன், மேலே செரமிக் என்றுதான் வருகிறது. மலிவுப் பெட்டியை அந்த முறைக்குக் கொண்டுவருகிறோம், அவ்வளவுதான். காபன் எந்நேரமும் தேவையில்லை. மருந்து போட்ட பிறகு அதைத் தண்ணீரிலிருந்து எடுக்க ஒரு கிழமைக்கு வைத்தால் போதும். தேங்காய்ச் சிரட்டையிலிருந்து செய்த காபனை உலகத்துக்கு அனுப்பும் நாடு நம் நாடு. அதையே காட்ரிஜ்ஜுக்குள் அடைத்துத் திரும்பவும் டொலர் கொடுத்து இறக்குகிறோம்!

ஆசையில் பெட்டி நிறைய அடைத்துவிடாதீர்கள். தண்ணீர் சோம்பேறி, இலகுவான வழி கிடைத்தால் ஸ்பொஞ்சைச் சுற்றிக்கொண்டு ஓடிவிடும். அந்த வழியும் இல்லாவிட்டால் பெட்டிக்குள் மட்டம் உயர்ந்து பின்பக்கமாக வழிந்து வாடிக்கையாளரின் சுவரையும் பிளக்கையும் நனைக்கும். ஸ்பொஞ்சை இரு பக்கச் சுவரிலும் பட்டும் படாமலும் நிற்கும்படி வெட்டுங்கள். கொடுப்பதற்கு முன் கடையில் ஒரு முழு நாள் ஓட விட்டுப் பாருங்கள். மோட்டரைக் கழற்றவோ பெட்டியில் துளை போடவோ வேண்டாம். உத்தரவாதம் உள்ள பொருளில் கை வைத்தால் நாளை மாற்றிக் கொடுக்க வேண்டியவர் நீங்கள்தான்.

எவ்வளவு ஓடுகிறது என்று அளக்கவும் பழகிக்கொள்ளுங்கள். பெட்டியில் மணிக்கு 300 லீட்டர் என்று போட்டிருப்பது உள்ளே ஒன்றுமில்லாத வெறும் மோட்டரின் கணக்கு. 2 அடி நீளம், 1 அடி அகலம், 1 அடி உயரமான தொட்டி 2 கன அடி. அதாவது சுமார் 56 லீட்டர். கல், மண், மேல் இடைவெளி கழித்தால் 45 லீட்டர் தண்ணீர் இருக்கும். பில்டரின் வாயில் ஒரு ஐஸ்கிரீம் பெட்டியைப் பிடித்து ஒரு லீட்டர் நிறைய எத்தனை செக்கன் என்று பாருங்கள். 15 செக்கன் என்றால் மணிக்கு 240 லீட்டர், தொட்டித் தண்ணீர் ஐந்து தடவைக்கு மேல் சுற்றுகிறது; நல்லது. 30 செக்கனுக்கு மேல் போனால் ஸ்பொஞ்சைக் கழுவும் நேரம் வந்துவிட்டது. இந்த ஒரு சோதனையை வாடிக்கையாளருக்குக் காட்டிக் கொடுத்தால் அவர் ஆயுளுக்கும் உங்களை மறக்கமாட்டார்.

கழுவுவது எப்படி என்பதில்தான் பெரிய பிழை நடக்கிறது. கண்டி மாநகர சபை கெட்டம்பேயிலிருந்து தருவதும், நீர் வழங்கல் சபை கொண்டதெனியவிலிருந்து தருவதும் மகாவலித் தண்ணீர்தான். இரண்டிலும் குளோரின் உண்டு. நாம் குடிப்பதற்கு அது பாதுகாப்பு. ஸ்பொஞ்சில் இருக்கும் பற்றீரியாவுக்கு அது நஞ்சு. தொட்டியிலிருந்து எடுத்த தண்ணீரை ஒரு பேசினில் விட்டு, அதில் ஸ்பொஞ்சைப் பிழிந்தால் போதும். சவர்க்காரம் கூடவே கூடாது. ஸ்பொஞ்சையும் ரிங்கையும் ஒரே நாளில் கழுவவும் வேண்டாம்.

தண்ணீர் இழுக்கும் குழாயின் வாயிலும் ஒரு ஸ்பொஞ்சைச் சொருகிக் கொடுங்கள். இலங்கையிலிருந்து ஏற்றுமதியாகும் அலங்கார மீன்களில் முதலிடம் கப்பிக்குத்தான். நம் வீடுகளிலும் அதுதான் அதிகம். அதன் குஞ்சு பில்டருக்குள் போய் நசுங்குவதைக் காணும் பிள்ளை அடுத்த மாதம் கடைக்கு வராது. வாலும் செட்டையும் நீண்ட மீன்களுக்குத் தண்ணீர் விழும் வேகம் கூடிவிட்டால், வெட்டிய சோடாப் போத்தல் துண்டொன்றை வாயில் பொருத்தி வேகத்தை உடைக்கலாம்.

மின்வெட்டு வேறு பிரச்சினை. 2022 மார்ச் கடைசியில் நாளுக்கு 13 மணி நேரம் வரை மின்சாரம் இல்லாதிருந்ததையும், 2025 பெப்ரவரி 9ஆம் திகதி நாடு முழுவதும் இருளில் கிடந்ததையும் யாரும் மறந்திருக்க முடியாது. ஓட்டம் நின்றால் ஸ்பொஞ்சுக்குள் ஒட்சிசன் தீர்ந்து பற்றீரியா சாகத் தொடங்கும். சில மணி நேரத்துக்கு மேல் நின்றிருந்தால் மின்சாரம் வந்த உடனே அந்த நாற்றத் தண்ணீரைத் தொட்டிக்குள் தள்ளக் கூடாது. பிளக்கைக் கழற்றி, பெட்டித் தண்ணீரை வெளியே ஊற்றி, ஸ்பொஞ்சைத் தொட்டித் தண்ணீரில் பிழிந்து, பெட்டியை நிரப்பிய பின்பே ஓட விட வேண்டும். நிரப்பாமல் போட்டால் மோட்டர் காற்றை இழுத்து உறுமும், சூடேறும். வயர் தொட்டியிலிருந்து கீழே தொங்கி வளைந்து பிறகு பிளக்குக்கு ஏற வேண்டும். வழியும் தண்ணீர் அந்த வளைவில் சொட்டிவிடும்.

“காட்ரிஜ் விற்பனை போய்விடுமே” என்று கேட்பீர்கள். போகும். அதற்குப் பதில் நான் விற்பது பழுத்த ஸ்பொஞ்ச். கடையில் ஒரு தொட்டியை இதற்கென்றே வைத்திருக்கிறேன். அங்கே வளர்ந்த கப்பிகள் மட்டும்தான். வெளியிலிருந்து வந்த மீன் ஒன்றையும் அதில் விடுவதில்லை, நோய் பரவக்கூடும். அதன் பில்டரில் எப்போதும் மேலதிக ஸ்பொஞ்ச் துண்டுகள் ஊறிக்கொண்டிருக்கும். ஆறு வாரம் கழிந்ததை, புதுத் தொட்டி வாங்குபவரின் பில்டரில் அவர் கண்முன்னாலேயே வைத்துக் கொடுப்பேன். முதல் கிழமை இரண்டு மூன்று மீனுக்கு மேல் விற்கமாட்டேன் என்பதையும் சொல்லிவிடுவேன். இருபது மீன் கேட்டு வந்தவருக்கு முதலில் முகம் சுருங்கும். ஆனால் அந்த மூன்றும் உயிரோடிருந்தால் மீதிப் பதினேழுக்கும் அவர் நம்மிடம்தான் வருவார்.

தூர இடத்துக்குக் கொடுப்பதானால் ஸ்பொஞ்சைக் காய விடக் கூடாது, தண்ணீரில் முழுவதாக மூழ்கடிக்கவும் கூடாது. மீன் கட்டுவது போலவே பொலித்தீன் பையில் கொஞ்சம் தொட்டித் தண்ணீர், மீதியெல்லாம் காற்று என்று கட்டிக் கொடுங்கள். நுவரெலியாவுக்கு பஸ்ஸில் போகும் மூன்று மணி நேரத்தை அது தாங்கும். வெயிலில் நிறுத்திய வாகனத்துக்குள் மட்டும் விட்டுவிட வேண்டாமென்று சொல்லி அனுப்புங்கள்.