மெலிவின் மேல் சுமத்தப்பட்ட பழி

அன்புள்ள மாணவிக்கு,

ஃபெரோமின் படலம் ஒன்று சில நானோமீட்டர் தடிமனுக்கு வரும்போது அதன் தன்னியல்பான மின்முனைவாக்கம் ஏன் குன்றுகிறது என்னும் உன் வினாவுக்கு, படலம் மெலிந்துவிட்டதே காரணம் என்று பாடக்குறிப்புகள் பலவும் விடை கூறிவிடுகின்றன. அது விடையன்று, வினாவையே திருப்பிச் சொல்வதாகும். மெலிவு தானாக எதையும் அழிப்பதில்லை. பரப்பில் ஈடுசெய்யப்படாமல் எஞ்சும் மின்னூட்டமே முனைவாக்கத்தைக் குலைக்கிறது. படலத்தைத் தாங்கும் அடித்தளப் படிகம் உண்டாக்கும் திரிபோ, அந்த மின்னூட்டம் எந்தப் பரப்பில், எவ்வளவு தோன்ற வேண்டும் என்பதையே மாற்றிவிடுகிறது.

முனைவாக்கம் படலத்துக்குச் செங்குத்தாக நிற்கையில், இரு பரப்புகளிலும் அதன் எண்மதிப்புக்குச் சமமான மின்னூட்ட அடர்த்தி தோன்றுகிறது. காரீய டைட்டனேட்டில் இது சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 0.75 கூலும் ஆகும். இந்த எண்ணை ஓர் அலகுக்கூட்டின் பரப்பால் பெருக்கிப் பார்த்தால், கூடு ஒவ்வொன்றுக்கும் எலெக்ட்ரான் மின்னூட்டத்தில் 0.7 பங்கு வந்து நிற்பது விளங்கும். ஈடு ஏதுமின்றி விடப்பட்டால், முனைவாக்கத்தை எதிர்த்து உள்ளே எழும் முனைவுநீக்கு புலம், வெற்றிட மின் உட்புகுதிறனைக் கொண்டு கணக்கிட, நானோமீட்டருக்கு 85 வோல்ட் அளவை எட்டும். பொருளின் பிற மின்கடத்தாப் பண்புகள் இதைக் குறைத்தாலும், எஞ்சும் புலத்தை அந்தப் படிகத்தின் முனைவாக்கம் தாங்காது.

உலோக மின்வாய் ஒன்றைப் பூசிவிட்டால் ஈடு முழுமையாகிவிடும் என்று கருதுவோர் பலர். ஐபிஎம் நிறுவன ஆய்வாளர்களான பாத்ராவும் சில்வர்மனும் 1972-லேயே ஒரு கட்டுரையில் இதை மறுத்துவிட்டார்கள். உலோகத்தின் ஈட்டு மின்னூட்டம் பரப்பிலேயே படிந்து நிற்காமல் ஓர் ஆங்ஸ்ட்ராமின் சிறு பகுதி அளவேனும் உள்வாங்கி நிற்பதால், இரு மின்னூட்டங்களுக்கும் இடையே இடைவெளி எஞ்சுகிறது; படலம் தடித்ததாயினும் மெலிந்ததாயினும் அவ்விடைவெளி மாறாது, ஆனால் அதனால் எழும் புலம் தடிமனுக்கு எதிர்விகிதத்தில் வளர்கிறது. தடிமன் இந்தக் கணக்கில் நுழையும் முதன்மையான வாயில் இதுவே. சுருக்கமான அந்தக் கட்டுரையைப் படிக்காமலே மென்படலத் துறையில் ஆய்வேடு எழுதத் தொடங்குவது சரியன்று.

இதே வழியில் ஹுன்கேராவும் கோசேயும் 2003-இல் செய்த கணக்கீடு, ஸ்ட்ரான்சியம் ருத்தனேட் மின்வாய்களுக்கு இடையே பேரியம் டைட்டனேட் ஆறு அலகுக்கூடுகளுக்கு, அதாவது ஏறத்தாழ 2.4 நானோமீட்டருக்குக் கீழே முனைவாக்கத்தை இழக்கும் என்று காட்டியது. அந்த மின்வாய்க்கு உரிய அந்த எண்ணை எல்லாப் படலங்களுக்கும் உரிய எல்லையாகச் சிலர் எடுத்தாளத் தொடங்கியது வருந்தத்தக்கது. ஏனெனில் மறு ஆண்டே அமெரிக்காவின் ஆர்கான் தேசிய ஆய்வகத்தில், ஸ்ட்ரான்சியம் டைட்டனேட்டின் மேல் வளர்ந்த காரீய டைட்டனேட் மூன்று கூடுகள் வரை, 1.2 நானோமீட்டரில், அறை வெப்பநிலையிலும் முனைவாக்கத்தோடு இருப்பதை எக்ஸ் கதிர்கள் காட்டின. மேலும் கீழுமாக எதிரெதிர் நோக்கும் பட்டைகளாக, அதாவது டொமைன்களாக, அந்தப் படலம் பிரிந்து தன் மின்னூட்டத்தைத் தானே ஈடுசெய்துகொண்டிருந்தது.

இனித் திரிபைக் காண்போம். அடித்தளத்தின் அணுவரிசையோடு பொருந்தி வளரும் படலம் பக்கவாட்டில் நெருக்கப்பட்டால் செங்குத்தாக நீள்கிறது, டைட்டானியம் அயனியின் இடப்பெயர்வும் அத்திசையிலேயே எளிதாகிறது. டிஸ்புரோசியம் ஸ்கேண்டேட்டின் மேல் இவ்வாறு நெருக்கப்பட்ட பேரியம் டைட்டனேட்டின் கியூரி வெப்பநிலை ஏறத்தாழ 500 பாகை செல்சியஸ் உயர்ந்தது 2004-இல் அறியப்பட்டது. அதே அடித்தளத்தில் ஸ்ட்ரான்சியம் டைட்டனேட் பக்கவாட்டில் இழுபடுகிறது. பருப்பொருளாக எந்தக் குளிரிலும் ஃபெரோமின் ஆகாத அது அறை வெப்பநிலையிலேயே ஃபெரோமின் ஆகிறது, முனைவாக்கமோ படலத்தின் தளத்திலேயே படுத்துவிடுகிறது. படுத்த முனைவாக்கம் மேற்பரப்பில் மின்னூட்டத்தை நிறுத்துவதில்லை. திரிபையும் மின்னூட்டத்தையும் தனித்தனி அத்தியாயங்களாகக் கற்பிக்கும் நூல்கள் கோட்டைவிடும் இடம் இதுவே.

எனினும் இரண்டில் எது எதைச் செய்கிறது என்று பிரித்தறிய ஒரு வழி உண்டு. ஜெனீவாவில் லிக்டன்ஸ்டைகர் குழுவினர் 2005-இல் வெளியிட்ட ஆய்வில், காரீய டைட்டனேட் படலங்கள் அனைத்தும் ஸ்ட்ரான்சியம் டைட்டனேட்டின் 3.905 ஆங்ஸ்ட்ராம் பக்கவாட்டு அளவுக்கே கட்டுண்டிருந்தன. தடிமன் 50 நானோமீட்டரிலிருந்து 2.4 நானோமீட்டருக்கு இறங்கியபோது பக்கவாட்டுத் திரிபு மாறவில்லை. ஆனால் கூட்டின் செங்குத்து நீளம், முனைவாக்கத்தோடு இணைந்தே நீளும் இயல்புடையதாதலால், படிப்படியாகக் குறைந்தது. நெருக்கம் அப்படியே இருக்க நீளம் குறைந்தது, ஈடு குறைபட்டதால்.

பரப்பை உலோகமின்றி விட்டால் வளிமண்டலமே மின்வாயின் வேலையைச் செய்கிறது என்பதை ஆர்கான் குழுவினர் 2009-இல் நிறுவினார்கள். உயர் வெப்பநிலையில் காரீய டைட்டனேட்டைச் சூழ்ந்த ஆக்சிஜனின் பகுதி அழுத்தத்தை உயர்த்தியபோது முனைவாக்கம் வெளிநோக்கி நின்றது; தாழ்த்தியபோது உள்நோக்கிப் புரண்டது. முன்னர்க் கூறிய 0.7 பங்கை இங்கே நினைவுகூர்க: இரட்டை எதிர் மின்னூட்டமுடைய ஆக்சிஜன் அயனி ஒன்று ஏறத்தாழ மூன்று கூடுகளை ஈடுசெய்யப் போதும். ஆகவே மேல் மின்வாய் இல்லாத படலத்தின் முனைவாக்கத்தை ஒரு கட்டுரை அறிவிக்கும்போது, தடிமனையும் அடித்தளத்தையும் மட்டும் குறித்துக்கொள்ளாமல், அளவீட்டின்போது அந்தப் பரப்பை எந்த வளி, எந்த அழுத்தத்தில் தொட்டுக்கொண்டிருந்தது என்பதையும் செய்முறைப் பகுதியில் தேடிப் பார்.

அன்புடன்,
உன் ஆசிரியர்