மணலில் நிற்கும் வனம்

பல ஆண்டுகள் ஜபமும் வழிபாடும் செய்து வந்த அன்பர்கள் சிலர், "தொடக்கத்தில் இருந்த உற்சாகம் இப்போது இல்லையே, உள்ளம் வறண்டு கிடக்கிறதே" என்று வருந்துவதுண்டு. சாதனையில் ஆண்டுகள் கூடக் கூட அருள் அனுபவமும் தானாகக் கூட வேண்டும் அல்லவா? அவ்வாறு நிகழாதது ஏன்?

இக்கேள்விக்கு விடை தேட நூல்களை மட்டுமே நாட வேண்டும் என்பதில்லை. நடப்பதையே சாதனையாகக் கொண்டது நமது மரபு. நர்மதையை வலம் வருபவர், ஒரு கரை வழியே கடல்முகம் வரை நடந்து, மறுகரை வழியே திரும்பி வருகிறார். பரிவ்ராஜகராகிய துறவி ஓரிடத்தில் நிலைகொள்ளாமல் நடக்கிறார். அத்தகைய மனத்துடன் நடப்பவனுக்கு எந்த நாட்டுப் பாதையும் பாடசாலையே. ஆஸ்திரேலியாவின் கிழக்குக் கடற்கரையை ஒட்டிய தீவு ஒன்றில் அப்படி ஒரு பாதை உள்ளது.

தீவும் பாதையும்

கர்ரி என்பது அத்தீவின் தொன்மையான பெயர். நெடுங்காலம் ஃபிரேசர் தீவு என்று வழங்கப்பட்ட அதற்கு, 2023-ஆம் ஆண்டு பழைய பெயரே அதிகாரபூர்வமாக மீண்டும் சூட்டப்பட்டது. சுமார் 120 கிலோமீட்டர் நீளமுள்ள இதுவே உலகின் மிகப் பெரிய மணல் தீவு. 1992-இல் இது உலகப் பாரம்பரியச் சின்னமாக ஏற்கப்பட்டது. இதன் மணல் மேடுகள், காடுகள், ஏரிகள் வழியாக 90 கிலோமீட்டர் நீளும் நடைபாதையைக் கடக்க ஆறு முதல் எட்டு நாட்கள் ஆகும்.

நடப்பவர் தமக்கு வேண்டிய உணவையும் கூடாரத்தையும் முதுகிலேயே சுமக்க வேண்டும். முதல் நாள் மணலில் கால் புதையும்போதே, எது தேவை, எது ஆசை என்பது விளங்கிவிடுகிறது. அபரிக்கிரகம் என்னும் நெறியைத் தோள்களே கற்றுக்கொள்கின்றன!

வெறும் மணல் வனமானது எப்படி?

இத்தீவின் மண் பெரும்பாலும் வெறும் மணலே. மரம் வளரப் போதிய சத்து அதில் இல்லை. ஆயினும் தீவின் நடுவே, வானளாவிய மரங்கள் அடர்ந்த மழைக்காடு நிற்கிறது. அங்கே வாங்கூல்பா என்னும் ஓடை வெண்மணல் மீது ஓசையின்றி ஓடுகிறது.

இந்த வனம் ஒரே நாளில் தோன்றியதன்று. கடலோரத்தில், உப்புக் காற்றைத் தாங்கும் புல் முதலில் வேரூன்றி மணலைப் பிடித்து நிறுத்துகிறது. அது உதிர்த்த தழையில் புதர்கள் தலையெடுக்கின்றன. புதர்கள் உதிர்த்ததில் யூகலிப்டஸ் இன மரங்கள் எழுகின்றன. காற்று படாத பள்ளத்தாக்குகளில், நெடுங்காலத்திற்குப் பின், மழைக்காடு உருவாகிறது. வேர்களோடு கூடி வாழும் நுண்ணிய பூஞ்சைகள், மணலில் உள்ள சிறிதளவு சத்தையும் திரட்டி மரத்திற்கு அளிக்கின்றன. மரமோ தான் ஆக்கிய உணவில் ஒரு பங்கைப் பூஞ்சைக்கு அளிக்கிறது.

ஆக, இந்த வனத்தின் செல்வம் மணலில் இல்லை, கொடுத்தலில் இருக்கிறது. மரம் பெற்றதை இலையாக்கி உதிர்க்கிறது. உதிர்ந்தது மக்கி மீண்டும் வேருக்கு உணவாகிறது. பகவத் கீதையின் மூன்றாம் அத்தியாயத்தில் பகவான் விளக்கும் வேள்விச் சக்கரம் இதுவே. பெற்றதைத் திருப்பி அளிக்காமல் தானே அனுபவிப்பவனைப் பகவான் கள்வன் என்றே கண்டிக்கிறார்.

பழமை மட்டும் போதாது

தீவின் மேற்குப் பகுதி நமக்கு மற்றொரு பாடத்தை வைத்திருக்கிறது. அங்குள்ள மணல் மேடுகள் மிகவும் பழமையானவை. பழமையானவற்றில் காடு இன்னும் ஓங்கி வளர்ந்திருக்க வேண்டும் என்று நினைப்போம். அங்கே காண்பதோ குட்டைப் புதர்களே! காலங்காலமாகப் பெய்த மழை, சத்துக்களைக் கரைத்து, வேர்களுக்கு எட்டாத ஆழத்திற்குக் கொண்டு சென்றுவிட்டது.

தொடக்கத்தில் எழுந்த கேள்விக்கு விடை இங்கே கிடைக்கிறது. அன்று கேட்ட உபதேசம் அழிந்துவிடவில்லை. அது அன்றாட வாழ்வின் வேர்களுக்கு எட்டாத ஆழத்தில் கிடக்கிறது. எத்தனை ஆண்டுகளாகச் சாதனை செய்கிறோம் என்ற கணக்கு நம்மைக் காப்பதில்லை. இன்று கேட்டதை இன்றே ஒரு சேவையாக, ஓர் இன்சொல்லாக, ஒரு விட்டுக்கொடுத்தலாக உதிர்க்க வேண்டும். அப்போதே அது மேல்மண்ணில் நின்று மறுநாள் சாதனைக்கு உரமாகும்.

மூன்று நெறிகள்

பட்சலா என்னும் தொல்குடியினர் இத்தீவின் மைந்தர்கள். உலகைப் படைக்கத் துணைபுரிந்த தேவதை ஒருத்தி, அதன் அழகில் மனம் கரைந்து இங்கேயே தங்க விரும்பித் தீவாக மாறினாள். ஏரிகளே அவளுடைய கண்கள் என்பது அவர்களது நம்பிக்கை. மூன்று நெறிகளை அவர்கள் வழிவழியாகப் போற்றி வருகின்றனர். நிலத்திற்கு நன்மையானதே முதலில் வர வேண்டும்; உனக்கு உரியதல்லாததைத் தொடாதே, எடுக்காதே; மிகுதியாக இருந்தால் பகிர்ந்து கொடு. ஈசாவாஸ்ய உபநிஷதத்தைப் பயின்றவர்களுக்கு இவை அந்நியமாகத் தோன்றா.

இந்நெறிகளுக்கு மாறாகவும் தீவு நடத்தப்பட்டது. கடல்நீரில் எளிதில் அழியாத அதன் மரங்கள் சூயஸ் கால்வாய்ப் பணி வரை வெட்டிச் செல்லப்பட்டன. மணலில் உள்ள கனிமங்களுக்காகச் சுரங்கத் தொழில் நடந்தது. அது 1976-இலும், மரம் வெட்டுதல் 1991-இலும் முடிவுக்கு வந்தன. 2020-ஆம் ஆண்டு அக்டோபரில், விதியை மீறி மூட்டப்பட்டுச் சரியாக அணைக்கப்படாத ஒரு முகாம் நெருப்பு, தீவின் பாதிக்கும் மேற்பட்ட பகுதியை எரித்தது.

புல்லில் தொடங்கி நெடுங்காலம் வளர்ந்த வனத்திற்கு ஒரு கணத்து அலட்சியம் பகையாயிற்று. நெடுநாள் தவத்தை ஒரு கணத்துக் கோபமும் அவ்வாறே எரித்துவிடும். ஆகவே கொடுப்பதில் தாராளமும், காப்பதில் விழிப்பும் சாதகனுக்கு ஒருங்கே வேண்டும்.

கடைசி நாளில் நடப்பவரின் சுமை வெகுவாகக் குறைந்திருக்கும். தாம் கொண்டுவந்த குப்பையைத் தாமே சுமந்து திரும்புகிறார். வனத்தின் பொருள் எதையும் எடுத்துச் செல்வதில்லை. இவ்வுலகப் பயணமும் அவ்வாறே நிறைவடைய வேண்டும்.

சிந்தனைக்கு

1. நான் அண்மையில் கேட்ட நல்லுரைகளுள் எது என் செயலாக மாறியது?

2. என் முதுகுச் சுமையில் தேவை எவ்வளவு, ஆசை எவ்வளவு?

3. முழுவதும் அணைக்காமல் நான் விட்டு வந்த சிறு நெருப்பு, என் உள்ளத்திலோ இல்லத்திலோ, ஏதேனும் உண்டா?