துப்பாக்கியும் தோளும்

தேவிகுளத்து மலைச்சரிவில் கொழுந்து மூட்டை சுமந்து ஏறும் தாய்மாரைக் கேளுங்கள். ஒரு கிலோ எவ்வளவு கனம் என்பதை அவர்கள் சொல்வார்கள். அதை அறிந்த மற்றொருவன் காலாட்படை வீரன். அவன் நமக்கு அயலானும் அல்லன். பாலக்காட்டுக்கு வடக்கே, நீலகிரியின் வெலிங்டனில்தான் மதராஸ் ரெஜிமெண்டின் பயிற்சி மையம் இருக்கிறது. அவன் தோளேறும் துப்பாக்கியைப் பௌதிகக் கண்கொண்டு காண்போம்.

1962இல் சீனப் படையை நம் வீரர்கள் எதிர்த்தபோது அவர்களிடம் இருந்தவை பெரும்பாலும் பழைய லீ-என்ஃபீல்டு துப்பாக்கிகள். ஒவ்வொரு முறை சுட்டதும் கையால் தாழை இழுத்துத் தள்ள வேண்டும். அதே பத்தாண்டில், பெல்ஜிய அமைப்பைப் பின்பற்றி, 7.62 மில்லிமீட்டர் துப்பாக்கியை வங்காளத்தின் இஷாப்பூரில் நாமே செய்தோம். பின்னர் 1990களில் நம் நாட்டிலேயே வடிவமைத்த இன்சாஸ் வந்தது. அதன் குண்டு 5.56 மில்லிமீட்டர்.

ஏன் சிறிய குண்டு? கணக்குப் போடுவோம். இன்சாஸ் குண்டின் நிறை ஏறத்தாழ 4 கிராம்; வேகம் நொடிக்கு 900 மீட்டர். நிறையையும் வேகத்தின் வர்க்கத்தையும் பெருக்கிப் பாதியாக்கினால் ஆற்றல் 1,620 ஜூல். பெரிய குண்டோ 9.5 கிராம், வேகம் 800 மீட்டர் எனக் கொண்டால் 3,040 ஜூல். ஏறத்தாழ இருமடங்கு!

நிற்க. இயற்கை எதையும் இலவசமாகத் தருவதில்லை. நிறையை வேகத்தால் பெருக்கிய உந்தமும் இருமடங்காகிறது. அதுவே தோளில் பின்னுதைப்பாக வந்து தாக்குகிறது. சிறிய தோட்டா ஏறத்தாழ 12 கிராம், பெரியது 24 கிராம். நூறு தோட்டாவுக்கு 1.2 கிலோ கூடுதல் சுமை. தொலைவில் பாயும் வன்மை வேண்டுமா, சுமை குறைய வேண்டுமா? இதுவே கேள்வி.

இன்சாஸ் மீது குறைகளும் எழுந்தன. 1999இல் கார்கில் கடுங்குளிரில் அதன் பிளாஸ்டிக் தோட்டாக்கூடு விரிசல் கண்டதாகச் சொல்லப்பட்டது. 2019 பிப்ரவரியில் அமெரிக்க வகையான சிக் 716 துப்பாக்கிகள் 72,400 வாங்க ஒப்பந்தமாயிற்று. 2024இல் மேலும் 73,000. இடையே 2021 டிசம்பரில், ரஷ்ய அமைப்பான ஏ.கே. 203 வகையில் 6 லட்சத்துக்கு மேற்பட்டவற்றை உத்தரப் பிரதேசத்து அமேட்டி மாவட்டத்தில், கொர்வாவில் செய்ய ஒப்பந்தமாயிற்று. அதன் குண்டு ஆற்றலிலும் சுமையிலும் நடுத்தரமானது.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். சிக் 716 ஏற்பது, இஷாப்பூரில் 1960களில் நாம் செய்த துப்பாக்கி ஏற்ற அதே அளவுத் தோட்டாவைத்தான்! அரை நூற்றாண்டு கழித்துப் பழைய அளவுக்கே திரும்பினோம். துப்பாக்கியை மட்டும் அயல்நாட்டில் வாங்கினோம். எல்லையில் நிற்பவனைக் காத்திருக்கச் சொல்ல முடியாது. ஆகவே வாங்கியது குற்றமன்று. ஆனால் பெல்ஜிய அமைப்பைப் பார்த்துச் செய்தபோது கற்றதை நாம் மேன்மேலும் வளர்த்தோமா?

குழலின் எஃகு, சுருள்வில்லின் பதம், உறைகுளிரில் நொறுங்காத பிளாஸ்டிக் ஆகியவை போர்க்களத்து இரகசியங்கள் அல்ல. நம் ஆய்வுக்கூடப் பாடங்கள். வேதியியல் மாணவன் தன் மேசையில் விடை காணத் தவறும் கேள்வி, பனிமலையில் ஒரு வீரனின் கையில் விரிசலாக வந்து நிற்கிறது. தோழர்களே, நம் படிப்புக்கு அவன் தோளோடு உறவு உண்டு என்பதை மறவாதிருப்போம்.