நஷ்டம் வருமுன் கணக்கில் தோன்றும் குறிகள்

கிராமத்துப் பண்டகசாலையின் கதவு சாத்தப்படும் நாளன்றுதான் அது கெட்டதென்று பெரும்பாலோர் எண்ணுகின்றனர். உண்மையில் அது ஓராண்டுக்கோ ஈராண்டுக்கோ முன்னரே கெட்டிருக்கும். அக்காலத்தில் கடையில் கூட்டம் குறைந்திராது. அங்கத்தினர் திருப்தியுடன் இருந்திருப்பர். ஆண்டுக் கூட்டத்தில் லாபமும் வாசிக்கப்பட்டிருக்கும். கெடுதலின் முதற்குறி எவருக்கும் துன்பந் தராமல், பலருக்குச் சந்தோஷந் தருவதாகவே தோன்றுகிறது. அபாயம் அதில்தான் இருக்கிறது. ஆகையால் பஞ்சாயத்தாரும் அங்கத்தினரும் கடையைப் பார்த்துத் திருப்தியடையாமல் கணக்கைப் பார்க்கக் கற்றுக்கொள்ளுதல் அவசியம்.

ஒரு பண்டகசாலையின் முதல் 1,000 ரூபாய் எனக் கொள்க. அம்முதல் முழுவதற்கும் சரக்கு வாங்கி, மாதம் ஒருமுறை ரொக்கத்திற்கு விற்றுத் தீர்த்து, வந்த பணத்தைக் கொண்டே மறுமாதச் சரக்கு வாங்கப்படுகிறது. நூற்றுக்கு 5 ரூபாய் வீதம் ஆதாயம் மாதம் 50 ரூபாய். விற்பனையாளர் சம்பளம், கடை வாடகை, வண்டிச் சத்தம், விளக்குச் செலவு எல்லாம் சேர்ந்து 40 ரூபாய். மிகுவது 10 ரூபாய். ஆண்டுக்கு 120 ரூபாய். சிறிய லாபமாயினும் கையில் நிற்கும் லாபம்.

இனி, அங்கத்தினர் சிலர் அறுவடையானதும் தந்துவிடுவதாகச் சொல்லிக் கடனுக்குச் சரக்கு எடுக்கின்றனர். கேட்பவர் பஞ்சாயத்தாரின் உறவினராகவோ, பஞ்சாயத்தாராகவோ இருப்பதுமுண்டு. விற்பனையாளர் மறுத்துரைக்க இயலாது. பாக்கி சிறிது சிறிதாக வளர்ந்து 500 ரூபாயில் வந்து நிற்கிறது. இப்பொழுது சரக்கு வாங்க எஞ்சியிருப்பது 500 ரூபாய்தான். அதில் கிடைக்கும் ஆதாயம் மாதம் 25 ரூபாய். செலவோ முன்போலவே 40 ரூபாய். பாதி விற்பனை என்பதற்காக விற்பனையாளர் பாதிச் சம்பளத்திற்கு வேலை செய்யமாட்டார். ஆக மாதம் 15 ரூபாய் நஷ்டம்.

ஆயினும் அவ்வாண்டின் ஐந்தொகையில் இக்கெடுதல் முழுவதும் தெரியாது. 500 ரூபாய் பாக்கி ஆஸ்திப் பக்கத்தில் முழுத் தொகையாக எழுதப்பட்டிருக்கும். கடனுக்கு விற்றபோதே அதன்மேல் ஆதாயமும் சேர்க்கப்பட்டிருக்கும். வராத பணத்தின்மேல் வந்ததாக எழுதிய லாபத்தை அங்கத்தினருக்குப் பங்கிட்டும் விடுவர். இதனுடன் வேறொரு தீங்கும் சேர்கிறது. கடன்பட்டவர் பண்டகசாலைப் பக்கம் வரக் கூசுவர்; கையில் ரொக்கம் உள்ள நாளில் எதிர்க்கடைக்குச் சென்று வாங்குவர். கடன் கொடுத்தால் வாடிக்கை பெருகும் என்பாருக்கு இது தெரிவதில்லை. அடுத்தபடியாகப் பண்டகசாலையும் மொத்த வியாபாரியிடம் கடனுக்குச் சரக்கெடுக்கத் தொடங்கும். கடனுக்கு வாங்குபவன் விலை பேச முடியாது; தந்த சரக்கை ஏற்கவேண்டியதுதான். புழுத்த பருப்பும் கசிந்த வெல்லமும் அலமாரியில் தங்கத் தொடங்கினால், கணக்கைப் பாராதவர்க்கும் விஷயம் விளங்கவேண்டும்.

இக்குறை இந்நாட்டுக்கு மட்டும் உரியதன்று. இங்கிலாந்தில் ராச்டேல் என்னும் நெசவு நகரில் 1833-ஆம் ஆண்டில் தொழிலாளர் ஒரு கூட்டுக் கடை வைத்தனர். கடனுக்கு விற்றதனால் அது 1835-ல் முறிந்தது. கூட்டுறவு இயக்கத்தின் பெருமையைப் பேசுவோர் இம்முந்திய கடையைச் சொல்லாமல் விடுவது வழக்கம். படிப்பினை இதிலேயே அதிகம். 1844-ஆம் ஆண்டில் அதே ஊரில் 28 பேர் ஆளுக்கு ஒரு பவுனாக 28 பவுன் முதல் சேர்த்து, டிசம்பர் மாதம் 21-ஆந் தேதி மறுபடியும் கடை திறந்தனர். மாவு, வெண்ணெய், சர்க்கரை முதலிய சில சரக்குகளே இருந்தன. தொடக்கத்தில் வாரத்தில் இரண்டு மாலை வேளைகளில் மட்டுமே கடை நடந்தது. ஆனால் ரொக்கமின்றிச் சரக்கில்லை. 1845-ஆம் ஆண்டு முடிவில் அங்கத்தினர் 74 பேர். விற்பனை 710 பவுன். லாபம் 22 பவுன், அதாவது நூற்றுக்குச் சுமார் மூன்று. இவ்வளவு சொற்ப லாபத்தை நம் கிராமத்தில் ஒரு காரியதரிசி வாசித்தால் கூட்டத்தில் முணுமுணுப்பே எழும்.

நாணய சங்கத்தில் இதே நோய் வேறு உருவில் வரும். ஓர் அங்கத்தினர் கெடு தேதியில் 200 ரூபாய் செலுத்தியதாகப் பேரேட்டில் வரவு இருக்கும். அதே தேதியிலோ மறுநாளிலோ அவருக்கே 200 ரூபாயோ, வட்டியும் சேர்த்து 220 ரூபாயோ புதுக்கடன் பற்றெழுதியிருக்கும். பெட்டியிலிருந்து பணம் அசையவே இல்லை. பேனா மட்டும் அசைந்தது. வாய்தா தப்பிய பாக்கி ஏதுமில்லை என்று சொல்லும் சங்கத்தில் முதலில் தேடவேண்டியது இதுவே. 1904-ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் தோன்றிய கிராம நாணய சங்கங்கள் பொதுவாக வரம்பற்ற பொறுப்புடையவையாக இருந்தன. சங்கம் முறிந்தால் கடனே வாங்காத அங்கத்தினரின் நிலமும் அதற்கு ஈடாயிற்று.

திருட்டு, பொய் எடை முதலியன பற்றி விரிக்க வேண்டுவதில்லை. அவற்றை ஜனங்களே கண்டுபிடித்துவிடுவர். அவர்கள் கண்டுபிடிக்காமல் மெச்சும் குறி இன்னொன்று உண்டு. அது வைப்புப் பணத்திற்கு அதிக வட்டி. சென்னையில் ஆர்பத்நாட் கம்பெனி நெடுங்காலம் பேர்பெற்றிருந்தது. உத்தியோகத்தில் ஓய்வு பெற்றவர், விதவைகள், வக்கீல்கள் எனப் பலரும் அதில் பணம் வைத்தனர். கேட்டபொழுது திருப்பித் தரவேண்டிய அப்பணமோ, நினைத்தபொழுது திரும்பாத ஊக வியாபாரங்களில் முடங்கியது. 1906-ஆம் ஆண்டு அக்டோபர் 22-ஆந் தேதி கம்பெனி பணங் கொடுப்பதை நிறுத்தியது. மறு ஆண்டில் அதன் தலைவர் தண்டனை அடைந்தார். பணம் வைத்தவரின் நஷ்டம் அதனால் ஈடாகவில்லை. கட்டடத்தின் பெருமையும் பெயரின் பெருமையும் கடைசி நாள் வரையில் குறையாமல் இருந்தன என்பதைக் கவனிக்க. ஊரில் நடப்பதற்கு மேலான வட்டியை ஒரு ஸ்தாபனம் தர முன்வருமாயின், அப்பணம் எங்கே போடப்படுகிறது, எப்பொழுது திரும்பும் என்ற இரண்டையும் கேட்டுப் பதில் பெறாமல் ஒரு காசும் வைக்கலாகாது.

பண்டகசாலையின் உண்மை நிலையை அறிய ஒரு நாட்போது போதும். முன்னறிவிப்பின்றி ஒரு தினத்தில் சரக்கை எடை போட்டு, வாங்கிய விலையை விட்டு, அன்று வெளியாள் ஒருவன் கொடுக்கக்கூடிய விலையைப் போடவேண்டும். ஓராண்டு கடந்த பாக்கியைச் சூனியமாகக் கொள்ளவேண்டும். அது நல்ல மனிதருடைய பாக்கியாயிருப்பினும் அப்படியே. இவற்றுடன் ரொக்க இருப்பைக் கூட்டி, வைப்பு வைத்தவர்க்கும் மொத்த வியாபாரிக்கும் தரவேண்டியதுடன் ஒப்பிடுக. தாராளமாக மிகுந்தால், அன்றே கடன் விற்பனையை நிறுத்திக் கடையைக் காக்கலாம். சரிக்குச் சரியாக நின்றால், எல்லார்க்கும் முழுத்தொகை கொடுத்துக் கௌரவமாக மூட அதுவே தருணம். அடுத்த அறுவடை வரையில் பார்ப்போம் என்று மாதம் 15 ரூபாய் இழந்துகொண்டிருந்தால் அத்தருணம் தப்பிப்போகும். குறைந்தால், அதன் பிறகு செலவாவது பிறர் பணம். அந்நிலையில் பஞ்சாயத்தார் புதிய வைப்பு வாங்குவதை அப்பொழுதே நிறுத்தி, தொகைகளை மறைக்காமல் எழுதிப் பொதுக்கூட்டத்திற்கு நோட்டீஸ் அனுப்புதல் வேண்டும்.